பீடத்தைப் படமெடுத்தவர்கள்: ரிச்மண்ட் லீ சிலை, ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பர் 8, புதன்கிழமை. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில், காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, ஜெனரல் ராபர்ட் இ. லீயின் வெண்கலக் குதிரைச் சிலையை கிரேன் பீடத்திலிருந்து தூக்கியது. 131 ஆண்டுகள் அங்கே நின்ற சிலை. கூடியிருந்தவர்கள் பாட்டுப் பாடி வழியனுப்பினார்கள். நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால் கேமராக்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்று வெளியான படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே படம்தான்: வெறும் வானம், பட்டை வார்கள், அந்தரத்தில் ஒரு குதிரை.

சிலை அகற்றம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தப் படம். எனக்கு அது மிகக் குறைவாகச் செய்தி சொல்லும் படமாகத் தெரிகிறது. எந்த ஊர், எந்தச் சிலை, யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எதையும் அது சொல்லாது. லீ சிலையின் உண்மையான படக்கதை 2020 ஜூனிலிருந்து 2021 ஜனவரி வரை, சிலைக்குக் கீழே, அதன் கருங்கல் பீடத்தைச் சுற்றி நடந்தது. சர்ச்சைக்குரிய நினைவுச்சின்னத்தைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு அந்த ஏழெட்டு மாதங்களில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சிலையின் முன்கதை

ரிச்மண்ட் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகர். லீ அந்தத் தரப்பின் முக்கியமான படைத்தளபதி. போர் முடிந்து 25 ஆண்டுகள் கழித்து, 1890 மே 29 அன்று, சிலை திறக்கப்பட்டது. வடித்தவர் பிரெஞ்சுச் சிற்பி ஆன்டோனின் மெர்சியே. பீடத்தோடு சேர்த்து உயரம் சுமார் 60 அடி. சிலை மட்டும் 21 அடி, 12 டன். திறப்பு விழாவுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்துப் படங்களில் சுவாரசியமானது விழாக் கூட்டமல்ல, அதற்குப் பின் எடுக்கப்பட்டவை. சிலையைச் சுற்றி வீடே இல்லை; வெறும் வயல்வெளி. நகரத்தின் எல்லையில், மனைகளாகப் பிரித்து விற்கவிருந்த நிலத்தின் நடுவே கொண்டுபோய்ச் சிலையை வைத்திருந்தார்கள். சாலையும் மாளிகைகளும் அப்புறம் வந்தன. அதுதான் மான்யுமென்ட் அவென்யூ. அதே சாலையில் 1907-ல் ஸ்டூவர்ட், ஜெஃபர்சன் டேவிஸ், 1919-ல் ஸ்டோன்வால் ஜாக்சன், 1929-ல் மோரி என்று கூட்டமைப்புத் தலைவர்களின் சிலைகள் தொடர்ந்தன. 1996-ல்தான் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த வயல்வெளிப் படங்களைப் பக்கத்தில் வைத்தால், ‘காலங்காலமாக அங்கேயே இருந்தது’ என்ற வாதம் பாதி காற்றுப்போய்விடும். பழைய படங்களைத் தேடி எடுப்பதும் படமெடுப்பவரின் வேலைதான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

எதிர்ப்பும் புதிதல்ல. ‘ரிச்மண்ட் பிளானட்’ என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியரும் நகர்மன்ற உறுப்பினருமான ஜான் மிட்செல் ஜூனியர் அந்த 1890-லேயே எழுதிவிட்டார்: லீ சிலையை நிறுத்தியது கறுப்பர்களின் உழைப்பு, காலம் வந்தால் இறக்கவும் அவர்களே இருப்பார்கள் என்று. 2021-ல் சிலையை இறக்கிய ஒப்பந்ததாரர் டெவன் ஹென்றி ஒரு கறுப்பினத்தவர். மாநிலத்தில் இந்த வேலைக்கு ஆள் தேடியபோது பலர் பயந்து ஒதுங்கினார்கள். ஹென்றி கொலை மிரட்டல்களுக்கு நடுவே, குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

இனி 2020. மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்டார். சில நாட்களில் ரிச்மண்டிலும் போராட்டம் வெடித்தது. ஜூன் 4 அன்று ஆளுநர் ரால்ஃப் நார்தம் லீ சிலையை அகற்றப்போவதாக அறிவித்தார். உடனே வழக்கு, தடையாணை. 1887, 1890 ஆண்டுகளின் நிலப் பத்திரங்களில் சிலையைக் காப்பதாக மாநிலம் கொடுத்த வாக்குறுதி இன்றும் செல்லுமா என்பதே கேள்வி. செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பர் 2 அன்று சொன்னது. நகராட்சிக்குச் சொந்தமான மற்ற சிலைகளுக்கு இத்தனை இழுபறி இல்லை. போர் நினைவுச்சின்னங்களை உள்ளாட்சிகள் தொடக்கூடாது என்ற பழைய மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, திருத்தம் 2020 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. ஜாக்சன் சிலை அன்றைக்கே இறங்கியது. டேவிஸ் சிலை அதுவரைகூடக் காத்திருக்கவில்லை; ஜூன் 10 இரவு மக்களே கயிறு கட்டிச் சாய்த்துவிட்டார்கள். லீ மட்டும் 15 மாதம் நின்றார். அந்தத் தாமதம்தான் படமெடுத்தவர்களுக்குக் காலத்தைக் கொடுத்தது.

60 அடி உயரத்தின் பிரச்சினை

இப்படிப்பட்ட சிலைகள் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன. லீ சிலையில் பீடம் மட்டும் 40 அடி. பக்கத்தில் போய் வைட் ஆங்கிள் லென்ஸை மேலே சாய்த்தால் கோடுகள் உச்சியில் குவியும், குதிரையின் வயிறு பெரிதாகும், வீரனின் தலை வானத்தில் சின்னதாகத் தெரியும். தெரிந்தோ தெரியாமலோ சிற்பியின் வேலையை நீங்களும் செய்து கொடுக்கிறீர்கள். போராட்டத்தைப் பதிவு செய்யப் போனவர் எடுத்த படம் சுற்றுலா அட்டை மாதிரி வந்து நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

சுமார் 30 மீட்டர் தள்ளி நின்று, 28 எம்எம் லென்ஸைச் செங்குத்தாக, கேமராவைக் கொஞ்சமும் சாய்க்காமல் பிடித்தால் உச்சி வரை ஃப்ரேமுக்குள் வந்துவிடும். அப்போது ஃப்ரேமின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. காலியான தரை என்றால் பயன்படாத படம்; தரையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்றால் சிலைக்கும் மக்களுக்கும் சரிபாதி இடம் கொடுத்த படம். 2020 ஜூனின் நல்ல படங்கள் இன்னும் ஒரு படி போயின: சிலையை மேல் விளிம்பில் வெட்டிவிட்டு, பீடத்தையும் அதன் படிகளில் ஏறி நின்றவர்களையும் மட்டும் எடுத்தன. லீ இல்லாமலே லீ சிலையின் படம்.

வெளிச்சமும் அதற்குத் தோதாக அமைந்தது. சிலை தெற்கு பார்த்து நின்றது. ஜூன் மாதத்தில் ரிச்மண்டில் சூரியன் வடமேற்கில், இரவு எட்டரை மணி வாக்கில்தான் மறையும். கூட்டம் கூடும் மாலை நேரத்தில் முன்பக்கம் நிழலில் இருக்கும், பின்னால் வானம் வெளுத்திருக்கும். வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால் வெண்கலம் கறுத்த நிழலுருவாகிவிடும். பீடத்தின் எழுத்துகளுக்கு வைத்தால் வானம் வெந்துபோகும். இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தெரியும். எழுத்துகளைத்தான் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. வானம் மறுநாளும் வரும், எழுத்து வராது.

ஏனென்றால் பீடத்தின் ஸ்பிரே பெயின்ட் வாசகங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர், அதன் மேல் வேறொருவர். ஜூன் முதல் வாரத்தில் தனித்தனியாகப் படிக்க முடிந்த வரிகள் போகப்போக அடுக்கடுக்கான வண்ணத்துக்குள் புதைந்துபோயின. இந்த அடுக்குகளை மீட்க வேண்டுமானால் ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், நாலு பக்கத்தையும் நாள் தவறாமல் எடுத்த சலிப்பான படங்கள்தான் உதவும். அப்படி எடுப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. பரிசுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

எழுத்துகளில் கெட்ட வார்த்தைகள் ஏராளம். பத்திரிகைகளுக்கு இது தலைவலி. ஃப்ரேமை நெருக்கி வெட்டினார்கள், அல்லது வசவு இல்லாத மூலையாகப் பார்த்துக் கோணம் வைத்தார்கள். அச்சுக்கு அது சரி. ஆனால் வெட்டின படம் மட்டும் ஆவணக் காப்பகத்தில் தங்கி, மூலக்கோப்பு போய்விட்டால், போராட்டத்தின் கோபம் பாதி துடைக்கப்பட்டதாகிவிடும்.

ஜூன் 1: படம் சாட்சியானபோது

இந்த நிகழ்வில் கேமராவின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிவது 2020 ஜூன் 1 அன்று. ரிச்மண்டில் இரவு எட்டு மணி முதல் ஊரடங்கு. அதற்கு அரை மணி நேரம் இருக்கும்போதே, லீ சிலையருகே அமைதியாகக் கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது.

போலீஸ் துறையின் முதல் ட்விட்டர் பதிவு இப்படி இருந்தது: வன்முறைப் போராட்டக்காரர்கள் அதிகாரிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை மீட்கவே புகை தேவைப்பட்டது. அமைதியாக இருந்தவர்களிடம் வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். அதே இரவில் அடுத்த பதிவு வந்தது. தலைமை அதிகாரி வீடியோவைப் பார்த்துவிட்டாராம். இது தேவையற்ற செயல், மன்னிப்புக் கேட்கிறார், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் களத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் மீது நடவடிக்கை வரும் என்றது. மறுநாள் மேயர் லெவர் ஸ்டோனி கூட்டத்தின் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு வாரத்தில் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது.

ஒரே நிகழ்ச்சி; ஒரே இரவுக்குள் இரண்டு அதிகாரபூர்வ விளக்கங்கள்; இடையில் மாறியது வீடியோ பார்த்தது மட்டும். கையிலிருந்த போன்களில் பதிவானவையும் அதற்குள் பரவியிருந்தன. போராட்டப் புகைப்படம் எதையும் மாற்றாது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

இங்கே நுணுக்கமான விஷயம் நேரம். ஜூன் 1 அன்று ஏழரை மணிக்கும் வெளிச்சம் உண்டு, எட்டு மணிக்கும் உண்டு. படத்தைப் பார்த்து, ஊரடங்குக்கு முன்பா பின்பா என்று கண்ணால் சொல்லவே முடியாது. கேமராவின் கடிகாரம்தான் பேசும். அந்தக் கடிகாரமோ பல கேமராக்களில் ஏனோதானோவென்று ஓடிக்கொண்டிருக்கும்: போன வருடம் போன ஊரின் நேரம், கோடைக்கால நேர மாற்றத்தை மறந்த ஒரு மணி நேரப் பிழை, ஒரே ஆளின் இரண்டு கேமராக்களுக்கு நடுவே ஏழு நிமிட இடைவெளி. அரை மணி நேர வித்தியாசத்தில் சட்டப்படி சரியா தவறா என்று முடிவாகும் இடத்தில் இது அற்பமான குறை இல்லை. கிளம்புவதற்கு முன் போனின் திரையில் நொடியோடு ஓடும் நேரத்தை ஒவ்வொரு கேமராவிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். கடிகாரம் தவறாக இருந்தாலும் எவ்வளவு தவறு என்பது பதிவாகிவிடும், பின்னால் சரிசெய்துகொள்ளலாம். கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மெட்டாடேட்டா (எடுத்த நேரம் போன்ற விவரங்கள்) உதிர்ந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

காத்திருந்து எடுத்தது, நிற்கவைத்து எடுத்தது

ஜூன் 5 அன்று ராய்ட்டர்ஸுக்காக ஜூலியா ரெண்டில்மன் எடுத்த படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். பதின்வயதுப் பாலே நடனப் பெண்கள் இருவர், கறுப்பு உடையில், பாலே காலணியின் நுனியில் நின்று, பீடத்தின் முன் முஷ்டியை உயர்த்துகிறார்கள். பின்னால் கிறுக்கல்கள். சிலை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. உலகம் முழுக்கப் பகிரப்பட்ட படம்.

இது போராட்டத்தின் நடுவே தற்செயலாகச் சிக்கிய கணமல்ல. அந்தப் பெண்கள் கேமராவுக்காகவே நின்றார்கள். அதனால் படத்தின் மதிப்பு குறைகிறதா? இல்லை என்பேன். அந்த வாரங்களில் லீ வட்டம், அதாவது சிலையைச் சுற்றிய வட்டத் திடல், ஒரு திறந்தவெளிப் போட்டோ ஸ்டுடியோவாக மாறியிருந்தது. பட்டமளிப்பு அங்கியோடு மாணவர்கள், குடும்பங்கள், மணமக்கள் என்று பலரும் அங்கே வந்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அந்தப் பக்கமே போகாத குடும்பங்கள் அதே பீடத்தைப் பின்னணியாகத் தேர்ந்தெடுத்தன என்பதே செய்தி. நின்று கொடுத்த படம் என்பது இங்கே போராட்டத்தின் ஒரு வடிவம். சிக்கல் படக்குறிப்பில் வருகிறது. ‘போராட்டத்தில் இரு பெண்கள்’ என்று எழுதுவதும், ‘சிலையின் முன் படத்துக்காக நிற்கும் இரு நடனக் கலைஞர்கள்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதுதான் நேர்மை.

இரவில் வெளிச்சம்

ஜூன் மாதம் முதல் டஸ்டின் க்ளைன், அலெக்ஸ் கிரிக்கி என்ற இரு கலைஞர்கள் இரவு நேரங்களில் புரொஜெக்டர் கொண்டு சிலையின் மேல் ஒளியுருவங்களை விழச் செய்தார்கள்: ஜார்ஜ் ஃபிளாய்ட், அதே ஆண்டு போலீஸ் சுட்டுக் கொன்ற பிரியோனா டெய்லர், அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹாரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், ஜூலையில் காலமான குடியுரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ். அப்படியொரு இரவில் கிரிஸ் கிரேவ்ஸ் எடுத்த படம், ஃபிளாய்டின் முகம் ஒளிரும் பீடமும் சிலையும், ‘நேஷனல் ஜியாகரஃபிக்’ இதழின் 2021 ஜனவரி அட்டையில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் போராட்டக் கலையின் முக்கியப் படைப்புகள் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ 2020 அக்டோபரில் போட்ட பட்டியலிலும், உருமாறிய அந்த லீ சிலை இடம்பெற்றது.

புரொஜெக்டர் ஒளியைப் படமெடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. பல புரொஜெக்டர்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வீசும். நம் கண் அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. ஷட்டரை 1/250 நொடி என்று வேகமாக வைத்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிறங்கள் விழும். 1/60, 1/30 என்று இறக்கினால் பட்டைகள் மறையும், ஆனால் முன்னால் நடமாடுகிறவர்கள் கலங்கிப்போவார்கள். கறுத்த வெண்கலம் ஒளியை விழுங்கும்; கருங்கல் ஓரளவு திருப்பித் தரும்; வெள்ளைப் பெயின்ட் அடித்த இடம் கண்ணைப் பறிக்கும். ஒரே முகத்தில் மூன்று வெளிச்ச அளவு. முழு இருட்டுக்குக் காத்திருக்காமல், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்தால் சிலையின் வடிவமும் தெரியும், மேலே விழுந்த முகமும் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் அந்தரத்தில் மிதக்கும் ஒரு முகம் மட்டும்தான் கிடைக்கும். எங்கே விழுந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

அப்புறம் பதிப்புரிமை. 1890-ல் நிறுவிய லீ சிலைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதன் மேல் விழுந்த ஒளியுருவம் 2020-ன் படைப்பு. அதற்குப் படைப்பாளர்கள் இருக்கிறார்கள். பழைய சிலை இலவசம், புதிய எதிர்ப்புக்கு உரிமையாளர் உண்டு என்ற வேடிக்கையான நிலை. அமெரிக்கச் சட்டம் பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுக்க விடுகிறது. சிற்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. செய்திக்காகப் பயன்படுத்துவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. அட்டை, போஸ்டர், டீ-சர்ட் என்று விற்கப் போனால் வரும். வாஷிங்டன் கொரியப் போர் நினைவிடத்தின் வீரர் சிலைகளைப் பனியில் எடுத்த ஒரு படத்தை அமெரிக்க அஞ்சல் துறை 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. படமெடுத்தவரிடம் அனுமதி வாங்கி 1,500 டாலர் கொடுத்தார்கள். சிற்பி ஃபிராங்க் கேலார்டிடம் கேட்கவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் சிற்பிக்கு சுமார் 6.85 லட்சம் டாலர் தீர்ப்பானது. அனுமதியில்லாமல் பீடத்தில் எழுதியவர்களுக்கும் இப்படி உரிமை உண்டா என்பதில் அங்கே நீதிமன்றங்கள் இன்னும் தெளிவாகப் பேசவில்லை.

முகம்

2020 ஜூனில் புகைப்படக்காரர்களிடையே பெரிய சண்டையே நடந்தது: போராடுகிறவர்களின் முகத்தை மறைக்க வேண்டுமா? சிக்னல் செயலி அந்த மாதத் தொடக்கத்திலேயே முகத்தை மங்கலாக்கும் வசதியைச் சேர்த்தது. படமெடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள் என்று ஒரு தரப்பு. பொது இடத்தில் நடக்கும் செய்தியில் சம்மதம் கேட்பது இதழியலே அல்ல என்று மறு தரப்பு.

முகத்தை மறைத்தால் ஆபத்து போய்விடும் என்ற நம்பிக்கையைத்தான் நான் முதலில் கேள்வி கேட்பேன். 2020 மே 30 அன்று பிலடெல்பியாவில் போலீஸ் வாகனங்கள் எரிக்கப்பட்டன. முகத்தை மூடி, கண்ணாடி அணிந்திருந்த ஒரு பெண்ணை எஃப்பிஐ கண்டுபிடித்தது எப்படி? மற்றவர்கள் எடுத்து இணையத்தில் போட்ட படங்களில் கையில் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. டீ-சர்ட்டின் வாசகம் தெரிந்தது. அந்த டீ-சர்ட் எட்ஸி தளத்தில் விற்பது. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ஒரு பயனர் பெயர். அதிலிருந்து வேறொரு தளம். அங்கிருந்து பெயர், வேலை செய்யும் இடம். முகம் தேவைப்படவே இல்லை.

ஆகவே மங்கலாக்குவது முழு விடையாகாது. லீ வட்டத்தில் பட்டப்பகலில் பாட்டுப் பாடியவரும், கேமராவைப் பார்த்து முஷ்டி உயர்த்தியவரும் தங்களைக் காட்டவே வந்தவர்கள். அவர்கள் முகத்தை அழிப்பது அவர்கள் சொன்னதை அழிப்பது போல. பீடத்தில் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தவரின் நிலைமை வேறு. அவர் செய்வது அப்போதைக்கு ஒரு குற்றம். அவரைப் பின்னாலிருந்து, கையையும் எழுத்தையும் மட்டும் எடுத்தால் செய்தி குறைவதில்லை. எடுக்கும்போதே கோணத்தில் முடிவு செய்வது, எடுத்த பிறகு கணினியில் அழிப்பதைவிட எப்போதும் மேல். பின்னால் அழித்தது திருத்திய படம். கோணம் பார்த்து எடுத்தது திருத்தாத படம்.

துப்பாக்கிகளையும் பேச வேண்டும். அப்போது விர்ஜீனியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவது பொதுவாகச் சட்டப்படி சரியாக இருந்தது. வட்டத்தில் நீளத் துப்பாக்கியோடு நின்றவர்கள் பலர், பல நோக்கங்களோடு. ஒருவர் போராட்டக்காரர்களைக் காப்பதாகச் சொல்லி நிற்பார், இன்னொருவர் துப்பாக்கி உரிமைக்காக நிற்பார். படத்தில் இருவரும் ஒன்றுதான். கேட்டு எழுதிக்கொள்ளாத படக்குறிப்பு இந்த இடத்தில் ஆளையே மாற்றிவிடும்.

பிற்பகல்கள்

போராட்டக்காரர்கள் அந்த வட்டத்துக்கு 2018-ல் ரிச்மண்ட் போலீஸ் சுட்டுக் கொன்ற ஆசிரியர் மார்கஸ்-டேவிட் பீட்டர்ஸின் பெயரை வைத்தார்கள். பூங்காக்களின் வாசலில் இருக்கும் அரசுப் பலகை மாதிரியே ஒரு பலகை செய்து நட்டார்கள். ‘மக்களால் விடுவிக்கப்பட்டது’ என்று எழுதி, 2020 என்பதை நினைவுச்சின்னங்களில் பொறிப்பது போல ரோமன் எண்ணில் போட்டிருந்தார்கள். சிலைக்காரர்களின் கம்பீரத்தையே திருப்பிக் கொடுத்த பகடி அது. கூடைப்பந்து வளையம் வந்தது, காய்கறிப் பாத்தி வந்தது, போலீஸ் வன்முறையில் இறந்தவர்களின் படங்கள் பீடத்தைச் சுற்றி வரிசையாக நின்றன.

இதையெல்லாம் எடுக்கச் செய்தி ஏஜென்சிப் புகைப்படக்காரர்கள் அவ்வளவாக வரவில்லை. புகை இல்லை, ஓட்டம் இல்லை, ஆகவே ‘படம்’ இல்லை. 2003 ஏப்ரலில் பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் சிலை சாய்ந்தபோது நெருக்கி எடுத்த ஃப்ரேம்கள் சதுக்கமே நிரம்பி வழிந்ததாகக் காட்டின. தூரத்திலிருந்து எடுத்தவை பெரும்பகுதி காலி என்று காட்டின. நெருக்கத்துக்கு இடத்தைப் பெருக்கும் பழக்கம் உண்டு. ரிச்மண்டில் அதே பிழை காலத்தில் நேர்ந்தது: நாலைந்து கொந்தளிப்பான இரவுகள் பத்திரிகைகளில் முழு ஆண்டாக விரிந்தன. பந்து விளையாடிய பிற்பகல்கள் உள்ளூர்க்காரர்களின் போன்களில் தங்கிவிட்டன. அகற்ற வேண்டும் என்றவர்களும், ஊரே பாழாகிறது என்றவர்களும் அந்த நாலைந்து இரவுகளின் படங்களை வைத்தே வாதாடினார்கள்.

2021 ஜனவரி 25 அன்று அரசு வட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டது. அகற்றும் வேலைக்கான முன்னேற்பாடு என்றார்கள். வேலை தொடங்க ஏழு மாதத்துக்கு மேலானது. அதன்பின் வந்த படங்களில் ஆள் இல்லை. வண்ணம் மண்டிய பீடமும் முன்னால் கம்பியும். அகற்றும் நாளிலும் பத்திரிகையாளர்களுக்கும் மக்களுக்கும் இடம் ஒதுக்கித்தான் கொடுத்தார்கள். வானில் ட்ரோன் பறக்கத் தடை. ஒரே படம் ஆயிரம் முறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைய வித்தியாசமான படங்கள் பின்மதியத்தில் கிடைத்தன: லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வசதியாகத் தொழிலாளர்கள் சிலையை இடுப்போடு அறுத்தார்கள். அதற்குள் பாதிப் பேர் படத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

பெட்டிக்குள் இருந்த படம்

பீடத்தைப் பிரித்தது 2021 டிசம்பரில். 1887-ல் அடிக்கல் நாட்டியபோது அதற்குள் ஒரு செப்புப் பெட்டி வைக்கப்பட்டது. சுமார் 60 பொருட்களின் பட்டியல் அப்போது செய்தித்தாளில் வந்திருந்தது. அதில் ஒரு வரி: சவப்பெட்டியில் கிடக்கும் லிங்கனின் படம். அந்த ஒரு வரிக்காகவே வரலாற்று ஆர்வலர்கள் பல காலம் காத்திருந்தார்கள். காரணம் இருக்கிறது. சவப்பெட்டியில் லிங்கனைக் காட்டும் படமாக இன்று அறியப்படுவது ஒன்றே ஒன்று. 1865 ஏப்ரலில் நியூயார்க் நகர மன்றத்தில் ஜெரமையா கர்னி எடுத்தது. போர் அமைச்சர் ஸ்டான்டன் அதை அழிக்கச் சொல்லிவிட்டார். தப்பிய ஒரு பிரதி 1952-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்னொன்று ரிச்மண்டில், அதுவும் லீயின் காலடியில் இருந்தால்?

சிலை இறங்கிய மறுநாளே, செப்டம்பர் 9 அன்று, நாள் முழுக்கத் தோண்டிப் பார்த்தும் பெட்டி கிடைக்கவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு ஈயப் பெட்டி கிடைத்தது. அது வேறு, பட்டியலோடு பொருந்தவில்லை. டிசம்பர் 27 அன்று செப்புப் பெட்டி கிடைத்தது. மறுநாள் கேமராக்களுக்கு முன் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்: புத்தகங்கள், கூட்டமைப்புப் பணம், தோட்டாக்கள், பொத்தான்கள். லிங்கன் ‘படம்’ என்றது ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழின் 1865 ஏப்ரல் 29 பக்கம். அச்சான சித்திரம், லிங்கனின் கல்லறை மேல் சாய்ந்து ஒரு உருவம் அழுகிறது. புகைப்படமும் இல்லை, சவப்பெட்டியில் லிங்கனும் இல்லை. 1887-ல் பட்டியல் எழுதியவர் படத்தைச் சரியாகப் பார்க்காமல் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அது 134 ஆண்டு ஓடியது.

சில நாட்களில் நிலமும் சிலையும் மாநிலத்திடமிருந்து ரிச்மண்ட் நகருக்கு மாறின. சிலைகளின் பொறுப்பு அங்குள்ள கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்திடம் போனது. டேவிஸ் சிலையை 2022-ல் வேலன்டைன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது, நிமிர்த்தி நிறுத்தாமல், மக்கள் சாய்த்த கோலத்திலேயே, மல்லாந்து, இளஞ்சிவப்புப் பெயின்ட்டும் நசுங்கிய தலையுமாக. அதை எடுக்கப் போகிறவர்களுக்கு அண்ணாந்து பார்க்கும் கோணம் கிடைக்காது. குனிந்துதான் எடுக்க வேண்டும்.